குறை சொல்லி விற்கும் காசு

காதர் பாய் இன்னும் என் பெயரைக் கூப்பிடவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கலாம், மூன்று பேர் இருக்கலாம், மேஜையைச் சுற்றித் தலைகள் தெரிகின்றன, முகங்கள்தான் இல்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈர விரலால் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு சாம்பல் திட்டு. யாரை நேராகப் பார்த்தாலும் இப்போது இந்தத் திட்டுதான். நடுப்பார்வைதாம்மா போகும், ஓரப்பார்வை கடைசி வரைக்கும் நிற்கும் என்று கண் டாக்டர் சொன்னபோது ஏதோ சலுகை கொடுப்பது போலச் சொன்னார், எனக்குச் சிரிப்பு வந்தது. வாழ்நாள் முழுக்கக் காசைத் தொடுகிற எல்லோரிடமும் ஓரத்தைப் பிடி, ஓரத்தைப் பிடி என்று கத்தியவளுக்கு ஓரத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறான் கடவுள், கேட்டது கிடைத்துவிட்டது, போதுமா ராஜாமணி. மடியில் பை கனக்கிறது. காய்கறிப் பைதான், மேலே ஒரு கட்டு முளைக்கீரை, அதற்கடியில் துண்டில் சுற்றிய காசுப் பெட்டிகள். டவுன் பஸ்ஸில் எவனாவது பையைத் துழாவினால் கீரையைப் பார்த்து வெறுத்துப்போய்க் கையை எடுத்துவிடுவான் என்று கணக்கு. கீரை இப்போதே வாட ஆரம்பித்துவிட்டது, மண் வாசனை வருகிறது, அதோடு இந்த மண்டபத்துச் சாம்பார் வாசனை. செவ்வாய்ப்பேட்டையில் இந்தக் கல்யாண மண்டபத்தின் மாடிச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாணயச் சங்கம் கூடுகிறது, காதர் பாய்தான் நடத்துகிறவர். எத்தனை முறை கழுவினாலும் இந்தக் கூடத்தில் யாரோ ஒருவர் கல்யாணம் மிச்சம் இருக்கும். இன்றைக்கு மேஜைக்கடியில் கிடந்த ஒரு மல்லிகைச் சரத்தை மிதித்துக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தேன்.

விற்கத்தான் வந்திருக்கிறேன். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவேன். ஈரோட்டிலிருந்து சென்னியப்பன் வந்திருக்கிறார், மோட்டார் பம்பு உதிரிப்பாகக் கடைக்காரர், என் காசுகளை மொத்தமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. நல்ல மனிதர். காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறவர், வாங்கியதை விற்காதவர், அவர் மகளும் காசு சேர்க்கிறாள். இப்படி ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தால் காசுகளுக்கு நல்ல கதி. போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் சங்கத்துப் பூபதி சார் இருக்கிறார், அதாவது இல்லை, அவர் போய்ச் சேர்ந்து காரியம் முடிந்த மறுநாளே மகன்கள் இரண்டு பேரும் அவருடைய காசுகளைத் துணிப்பையில் கொட்டிக்கொண்டு உருக்குப் பட்டறைக்குப் போய்விட்டார்கள். விஷயம் தெரிந்து காதர் பாய் ஸ்கூட்டரில் பறந்தார். போய்ச் சேர்ந்தபோது உருக்குகிற மூசைக் கிண்ணத்தில் வெள்ளி கொதித்துக்கொண்டிருந்ததாம், பட்டறைக்காரன் இவரைப் பார்த்து, பெருசுக்கு ரசனை ஜாஸ்திங்க, எல்லாம் பாதி வெள்ளி, கழிவுதான் நிறையப் போச்சு என்று வருத்தப்பட்டானாம். இந்த ஊரில் அவனைக் குறை சொல்ல முடியாது. சேலத்தில் வெள்ளி என்றால் கொலுசு, கொலுசு என்றால் எடை. பிறந்த குழந்தை காலில் கூட எத்தனை கிராம் என்றுதான் பார்ப்பார்கள். என் தங்கை மகன் ஓசூரில் இருக்கிறான், அடுத்த மாதம் நான் அவர்கள் வீட்டோடு போய் இருக்கப்போகிறேன், தங்கமான பையன், ஆனால் போன தீபாவளிக்கு வந்தபோது என் பீரோவைத் திறந்து ஒரு பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, பெரியம்மா, இது மொத்தம் எவ்ளோ கிலோ வரும் என்று கேட்டான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, ஆசையாகத்தான் கேட்டான், எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

"குறை?" என்கிறார் காதர் பாய். என்னிடம் அல்ல, மேஜைக்கு முன்னால் நிற்கிற யாரிடமோ. அந்த ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சிங்கத்துக்குக் கீழ ஒரு கீறல், வெளிச்சத்துல சாய்ச்சாத்தான் தெரியும்" என்கிறார். இது எங்கள் சங்கத்தின் முறை. மற்ற ஊர்ச் சங்கங்களில் உண்டோ என்னவோ. காசை மேஜையில் விரித்த பச்சைத் துணிமேல் வைத்ததும் விலை பேசக்கூடாது, புகழக்கூடாது, விற்கிறவர் முதலில் அதன் குறையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் கண்டுபிடிக்கிற வரைக்கும் காத்திருந்தால் அவமானம். குறை சொல்லாத காசுக்கு விலை சொல்லக்கூடாது, அது விற்பனைக்கு வந்த காசே இல்லை. மனிதன் செய்த எதிலும் குறை இருக்கும், தெரியவில்லை என்றால் நீ சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம், சரியாகப் பார்க்காதவனுக்கு விற்கவும் யோக்கியதை இல்லை என்பது சங்கத்தின் வேதம். பெண் பார்க்கிற இடத்தில் இந்த முறையைக் கொண்டுவந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் ஒரு முறை சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், காதர் பாய் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார், அவருக்கு என் வயதில் கல்யாணமாகாத ஒரு தங்கை இருந்தாள். நானும் நேற்று முழுக்க வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு காசாக எடுத்து முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு பார்த்து ஒத்திகை செய்துகொண்டேன். இதற்கு விளிம்பில் ஒரு தட்டு. இதற்குப் பெட்டி மாற்றியது. இதில் பால் சிந்தினாற்போல ஒரு வெண்புள்ளி, நாணயச்சாலையில் அச்சடித்தபோதே வந்தது. எல்லாம் வரிசையாக வந்தது, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி. அந்த ஒன்றுக்கு வந்ததும் வாய் நின்றுவிட்டது. காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், மறுபடி அங்கேயே நின்றது.

அந்த ஒன்றுதான் நான் வாங்கிய முதல் காசு. ஐம்பது ரூபாய், எழுபத்தெட்டாம் வருஷம் போட்டது, அனைவருக்கும் உணவும் உறைவிடமும் என்று அந்த வருஷத்துக்கு ஒரு கோஷம், அதற்காகக் காசின் மேல் ஒரு வீடு. ப்ரூஃப் காசு, அதாவது கடைக்குப் போவதற்கில்லாமல் சேகரிக்கிறவர்களுக்கென்றே பளபளப்பாக அடித்தது, வீடும் எழுத்தும் பால்வெள்ளையாக மேலெழும்பி நிற்கும், சுற்றியுள்ள வெற்றுவெளி கண்ணாடியாக இருக்கும், குனிந்தால் நம் முகம் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைக்கிற டிரங்கு ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்து, பேப்பரில் விளம்பரம் பார்த்து, பம்பாய் நாணயச்சாலைக்கு டிராஃப்ட் எடுத்து அனுப்பிவிட்டு, ஒரு வருஷம் போலக் காத்திருந்தேன். அப்பாவுக்குக் காரணமே விளங்கவில்லை. "பாதி வெள்ளிக்கு முழுப் பணமா? அந்தக் காசுக்குக் கொலுசாவது எடுத்துருக்கலாமில்ல, கண்ணு" என்றார். கொலுசு போட்டால் நான் வருவது தெரியும், அதனால் வேண்டாம் என்று நினைத்தேனோ என்னவோ. என் வேலையும் அப்படித்தான், எல்லா ஊரும் என் காதுக்குள் பேசும், நான் யாருக்கும் தெரிய மாட்டேன். கோயம்புத்தூர் லைன்ல இருக்கு, பேசுங்க. மெட்ராஸ் பிஸி, காத்திருங்க. சாவுச் செய்தி, பிரசவச் செய்தி, பருத்தி விலை, எல்லாம் என் வழியாகப் போகும், எனக்கென்று ஒன்றும் வராது. அந்தக் காசுதான் என் பெயர் போட்டு, என் பெயருக்கென்று வெகுதூரத்திலிருந்து வந்த முதல் பொருள். தபால்காரர் எக்ஸ்சேஞ்சுக்கே கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

டீ வருகிறது. பேப்பர் கப் சூடு விரலுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் டீ குடித்த கையோடு காசைத் தொடக்கூடாது, தொட்டால் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, அதுவும் ஓரத்தை மட்டும். வெள்ளிக் காசின் முகத்தைத் தொடக்கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி. ஜெயசீலனுக்குத் தெரியாது. அவர் நாகர்கோவில் பக்கம், எக்ஸ்சேஞ்சில் ஜூனியர் இன்ஜினியர், லைன் கோளாறுகளைப் பார்க்கிறவர், எப்போதும் முழங்கை வரை மடித்த சட்டை, விரல்களில் ஈயப் பற்றுவைத்தபோது பட்ட சூட்டுத் தழும்புகள். காசு வந்த அன்றைக்கே, மதிய ஷிஃப்ட் மாறுகிற நேரம். நான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சைக் கூட ஒதுக்கி விட்டுக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து ஒரு கை வந்தது, காசை எடுத்தது, கட்டைவிரல் நேராகக் கண்ணாடிப் பரப்பின் மேல், வீட்டுக்குப் பக்கத்தில். நான் போட்ட சத்தத்தில் டிரங்கு போர்டில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பினார்கள். "என்ன மேடம், தொட்டா என்ன, கரைஞ்சா போயிரும்?" என்றார் ஜெயசீலன். ஓரத்தைப் பிடிக்கணும், ஓரத்தைப் பிடிக்கணும் என்று நான் அழாத குறையாகக் கத்துகிறேன். அவர் பயந்துபோய்க் காசைத் திரும்ப வைத்துவிட்டு, பேன்ட் பையிலிருந்து கைக்குட்டையை உருவிக் குனிந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "தொடைக்காதீங்க!" துணி பட்டால் கண்ணாடியில் ஆயிரம் கீறல் விழும், அதுதான் காரணம், சத்தியமாக அது மட்டும்தான் அப்போது காரணம். ஆனால் பிடித்த மணிக்கட்டை நான் உடனே விடவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை. போர்டில் யாருடைய விளக்கோ எரிந்து எரிந்து அணைந்தது, எந்த ஊரோ சேலத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, அவர் நாடித்துடிப்பு என் விரலுக்குக் கீழே ஓடியது. ஓர் ஆணின் கையை நான் பிடித்தது அந்த ஒரு தடவைதான். இதை அறுபத்தெட்டு வயதில் ஒரு சாம்பார்க் கூடத்தில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன், நல்லவேளை மனசுக்குள் நடப்பது அடுத்த நாற்காலிக்குக் கேட்பதில்லை.

அன்றைக்குக் காசில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் வேடிக்கை. கைரேகை விழுந்தவுடன் தெரியாது, தோலின் உப்பும் எண்ணெயும் வெள்ளியில் தங்கி, மெல்ல மெல்ல, நாம் மறந்த பிறகு எழும்பி வரும். முதல் வருஷம் சுத்தமாக இருந்தது. பிறகு ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோது ஒரு மங்கல், யாரோ மூச்சு விட்டுப் போன மாதிரி. அதற்குள் அவருக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்து போயே போய்விட்டார். போகிற அன்றைக்கு எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார், எனக்கும் கொடுத்தார், வரட்டா மேடம் என்றார், போய்ட்டு வாங்க என்றேன். வேறு யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு, அப்பாவுக்கு இருதயம் சரியில்லை, தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், காரணத்துக்கா பஞ்சம். காசு மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மங்கல் மஞ்சளானது, மஞ்சள் பழுப்பானது, பழுப்புக்குள் கோடுகள் பிரிந்தன, வளைந்து வளைந்து நடுவில் ஒரு சுழி, சுழிக்குக் குறுக்கே கோடில்லாத ஒரு சின்ன இடைவெளி, ஈயச் சூடு பட்ட தழும்பு. தழும்பு கூட வந்தபோது நான் பெட்டியை மூடிவிட்டுச் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். சங்கத்துக்காரர்கள் கேட்டால் வெள்ளி கெட்டுப்போனது என்பார்கள். கெட்டுத்தான் போனது. எனக்கு மற்றக் காசுகள் சேர்ந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான், அது ஒன்றுதான் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றக்கூடாதே என்று வாங்கிச் சேர்த்தேனோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

நாக்பூரிலிருந்து டெஸ்ட் கால் வரும். லைன் சரியாக இருக்கிறதா என்று இன்ஜினியர்கள் அவ்வப்போது கூப்பிட்டுச் சோதிப்பார்கள், அது அவர்கள் வேலை, அதில் தவறொன்றுமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த லைனைச் சோதிக்க ஒரு ஜூனியர் இன்ஜினியரே வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நானும் ஞாயிறு மதிய ஷிஃப்டை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. "சேலம், கேக்குதா?" "கேக்குது." "சுத்தமா கேக்குதா?" "சுத்தமா கேக்குது." அவ்வளவுதான். சில நாள் மழையா என்று கேட்பார். சில நாள் ஒன்றும் பேசாமல் லைனை அப்படியே வைத்திருப்போம், தூரத்தில் காற்று அடிப்பது போல ஓர் இரைச்சல், அதற்குள் அவர் மூச்சு, பிறகு சரி மேடம் என்பார். ஒருநாள் கேட்டார், "அந்தக் காசு எப்படி இருக்கு மேடம்? நான் தொட்டனே, அதுல எதும் வந்துச்சா?" அப்போது ரேகை நன்றாக எழும்பியிருந்தது. முந்தின நாள் ராத்திரி கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன். வந்திருக்கு, உங்க தழும்பு கூடத் தெரியுது என்று சொல்ல வேண்டியதுதானே. "குறை ஒண்ணுமில்ல" என்றேன். அவர் வருத்தப்படுவாரே என்று சொன்னேன். வருத்தப்பட்டால் என்ன? வருத்தப்பட்டிருந்தால் மறுவாரமும் கேட்டிருப்பார், அதற்கடுத்த வாரமும் கேட்டிருப்பார், ஒருவேளை வந்து பார்க்கிறேன் என்று கூடச் சொல்லியிருப்பார். "அப்ப தப்பிச்சேன்" என்று சிரித்தார். பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் எஸ்.டி.டி. வந்தது, யார் வேண்டுமானாலும் நேராக எந்த ஊரோடும் பேசலாம், நடுவில் நாங்கள் எதற்கு, எங்களை பில்லிங் செக்‌ஷனில் உட்கார வைத்தார்கள். இப்போது எங்கே இருக்கிறாரோ. இருக்கிறாரோ இல்லையோ. சிலநாள் வீட்டு போன் அடித்து, எடுத்தால் யாரும் பேசாமல் இரைச்சல் மட்டும் வரும், கடன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனிக்காரர்கள்தான், எனக்குத் தெரியாதா, இருந்தாலும் கேக்குது என்று சொல்லிவிட்டுத்தான் வைக்கிறேன்.

"என்னுங்கம்மா, தனியா ஒக்காந்துட்டீங்க?" பக்கத்து நாற்காலி முனகுகிறது. சென்னியப்பன். திருநீறும் பெட்ரோலும் கலந்த வாசனை. "இருக்கட்டுங்க, கூட்டம் குறையட்டும்னு" என்றேன். அவர் குரலில் உள்ள சந்தோஷத்தை மறைக்க முயற்சி செய்கிறார், முடியவில்லை, குரல்கள் எனக்குத் தப்பாது. "எம்பட செட்டுல எழுபத்தெட்டு ப்ரூஃப் ஒண்ணுதானுங்க பாக்கி. புள்ள கூட அந்த எடத்துல ஒரு அட்டைய வெட்டி வச்சுருக்குது. உங்ககிட்ட இருக்குதுன்னு பாய் சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமில்லீங்க." நல்லா இருக்குமான்னு தெரியல என்று இழுத்தேன். "கறை கிறை இருந்தாலும் ஒண்ணுமில்லீங்கம்மா. எங்கிட்ட மருந்துத் தண்ணி இருக்குது. ஒரு முக்கு முக்கி எடுத்தாப் போதுமுங்க, கைரேகையெல்லாம் மாயமாப் போயிரும். ஒருத்தரும் தொடாத மாதிரி ஆயிருமுங்க." அவர் எழுந்து போய்விட்டார். நாற்காலியில் அவர் விட்டுப்போன சூடு இருக்கிறது. ஒருத்தரும் தொடாத மாதிரி. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது, கீரைத் தண்டு ஒன்று முறிந்த சத்தம் கேட்டது.

பட்டறையில் உருகுவது பயங்கரம் என்று நினைத்துத்தானே இத்தனை தூரம் வந்தேன். மூசையில் உருகினால் காசும் போகும், வீடும் போகும், ரேகையும் போகும், எல்லாம் ஒன்றாகப் போகும். இவர் பத்திரமாகக் காப்பாற்றப்போகிறார், காசைக் காப்பாற்றி ரேகையை மட்டும் கழுவி ஊற்றப்போகிறார், வாஷ்பேசினில். அதில் அவர் தப்பு என்ன இருக்கிறது? விற்ற பிறகு பொருள் அவருடையது. கழுவாதீங்க என்று நான் நிபந்தனை போடலாம், நல்ல மனிதர், கேட்டுக்கொள்வார், ஏன் என்று கேட்பார், என்ன சொல்வேன்? கழுவிய காசின் மதிப்பு குறையும் என்று சங்கத்துப் பேச்சாகச் சொல்லலாம், தலையாட்டுவார். அவர் மகள் ஒருநாள் கழுவுவாள். நியாயமாகப் பார்த்தால் நான்தான் தப்பு, பார்க்க முடியாதவள் எதற்கு வைத்துக்கொண்டிருக்க வேண்டும், பார்க்கிறவர் கையில் இருக்கட்டும் என்று எத்தனை பேருக்கு நானே உபதேசம் செய்திருக்கிறேன். ஊருக்கு உபதேசம். கொடுத்துவிடு ராஜாமணி. கொடுத்துவிட்டு, குறை கைரேகை என்று சொல்லிவிட்டு, ஓசூருக்கு பஸ் ஏறு. கைரேகை. ஒரு வார்த்தை. நாக்பூருக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை, சொல்லியிருந்தால் இந்நேரம் என்னவாகியிருக்கும், இன்றைக்கு ஈரோட்டுக்காரருக்குச் சொல்லப்போகிறேன். ஃபேன் சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிறீச், யாரோ சிரிக்கிறார்கள், யாரோ காசைச் சுண்டிவிட்டுப் பார்க்கிறார்கள், நல்ல வெள்ளியின் சத்தம் நீளமாக இழுத்து நிற்கிறது.

"ராஜாமணி அம்மா, வாங்க" என்றார் காதர் பாய். கீரைக்கட்டை எடுத்து வெளியே வைத்தபோது எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பெட்டிகளை வரிசையாகப் பச்சைத் துணிமேல் வைத்தேன். "குறை?" "விளிம்புல ஒரு தட்டு." "குறை?" "பெட்டி மாத்தினது." "குறை?" "வெண்புள்ளி, அச்சுலயே வந்தது." நன்றாகத்தான் போனது, ஒவ்வொன்றையும் சென்னியப்பன் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பி, சரிங்க, சரிங்க என்றார். கடைசிப் பெட்டியைத் திறந்தேன். அவர் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. காதர் பாய் கேட்டார்.

"குறை?"

வாய் திறந்தது. "இதுல குறை ஒண்ணுமில்ல" என்றேன்.

இந்த மேஜையில் அந்த வாக்கியத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிறகு சென்னியப்பன் மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் சொன்னார், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வூட்டுக்குப் பக்கத்துல ஒரு கட்டைவிரல் ரேகை இருக்குதுங்க. உங்களுக்குக் கண்ணுல படல போலிருக்குது. பரவால்லீங்க, நான் பாத்துக்கறேன்." சுற்றிலும் உச்சுக்கொட்டுகிற சத்தம். பாவம், கண் போய்விட்டது, எவ்வளவு கறாரான அம்மா. எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், பேசாமல் இருந்தால் போதும், கண் தெரியாத கிழவியாக அதன் வழியே வெளியே போய்விடலாம், முறையும் கெடாது, விற்பனையும் நடந்துவிடும். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அப்படித் திருப்பினால்தான் காசு என் ஓரப்பார்வைக்குள் வரும். வந்தது. வீடு, பக்கத்தில் பழுப்புச் சுழி, நடுவில் அந்த இடைவெளி.

"தெரியுதுங்க" என்றேன். "அது குறை இல்ல."

காதர் பாய் என்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தது, அன்றைக்குச் சிரிக்காமல் பார்த்தாரே, அதே மாதிரி. "அப்ப இது விக்கிற காசு இல்ல, சென்னியப்பன்" என்றார். "இது இல்லாம செட்டு நிறையாதுங்களே பாய்" என்றார் அவர், குழந்தை மாதிரி. "நிறையாதுங்க" என்று நான் சொன்னேன். "மத்ததை எடுத்துக்கங்க. உங்க வீட்டுல நல்லா இருக்கும்." அவர் மற்றப் பெட்டிகளைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு, "சரிங்கம்மா. எங்க பெட்டியில அந்தக் குழி காலியாவே இருக்கட்டும். எப்ப மனசு வருதோ சொல்லுங்க, இல்லீனா உங்க தங்கச்சி பையன்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்க" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்குப் பிறகு என்கிறார். எனக்குப் பிறகு ஒன்று பட்டறை, இல்லாவிட்டால் மருந்துத் தண்ணீர். அந்தத் தனி ரேகை அந்தக் கண்ணாடியில் இத்தனை வருஷமாகத் தனியாகத்தான் கிடக்கிறது, பக்கத்தில் ஒரு வீடு இருந்தும். போகிறபோதாவது தனியாகப் போகக்கூடாது. உருகினால் இரண்டும் சேர்ந்து உருகட்டும், கழுவினால் இரண்டும் சேர்ந்து போகட்டும்.

பெட்டியிலிருந்து காசை எடுத்தேன். ஓரத்தைப் பிடிக்கவில்லை. கட்டைவிரலை அவர் ரேகைக்குப் பக்கத்தில், ஒட்டி, கண்ணாடியின் மேல் வைத்து அழுத்தினேன். குளிர்ச்சியாக இருந்தது, பிறகு என் சூடு ஏறியது. இத்தனை வருஷத்தில் அதன் முகத்தை நான் தொடுவது இதுதான் முதல் முறை. இப்போது தெரியாது, தெரிய வருஷமாகும், நான் இருக்க மாட்டேன், இருந்தாலும் பார்க்கக் கண் இருக்காது, ஆனால் வரும், கட்டாயம் எழும்பி வரும். நாற்காலி சரிகிற சத்தம். காதர் பாய் எழுந்துவிட்டார். "அம்மா! என்னம்மா பண்றீங்க! குடுங்க, இப்பவே தொடைச்சாப் போயிரும்" என்று மேஜையைச் சுற்றிக் கையில் துணியோடு ஓடிவந்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"தொடைக்காதீங்க" என்றேன்.